லிவர் படம் மெழுகு பூசின மாதிரி வருது: நாய்ஸ் குறைஞ்சும் ரேடியாலஜிஸ்டுக்குத் திருப்தி இல்லை, ஏன்?

#1 இரவுப்பணி

எல்லோருக்கும் வணக்கம். சிடி டெக்னாலஜிஸ்டாக வேலை செய்கிறேன், 64 ஸ்லைஸ் மெஷின். சமீபத்தில் கம்பெனியின் அப்ளிகேஷன் ஆள் வந்து வயிறு கான்ட்ராஸ்ட் ப்ரோட்டோகாலை மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். இட்டரேட்டிவ் ரீகன்ஸ்ட்ரக்‌ஷனின் (கணினி திரும்பத் திரும்பக் கணக்குப் போட்டு, நாய்ஸை, அதாவது படத்தின் மணல்தன்மையைக் குறைத்துப் படமாக்கும் முறை) அளவை மேலே ஏற்றி, கதிர் டோஸைக் குறைத்தார். சராசரி உடம்புக்காரருக்கு போர்ட்டல் ஃபேஸில் (கான்ட்ராஸ்ட் லிவருக்குள் பரவிய நேரத்தில்) முன்பு 12 மில்லிகிரே சுமாருக்கு சிடிடிஐ (மெஷின் தரும் டோஸ் அளவு) காட்டும். இப்போது 6-ஐ ஒட்டி வருகிறது.

லிவரில் வட்டம் போட்டு ஸ்டாண்டர்ட் டீவியேஷன் (எஸ்டி, நாய்ஸின் அளவுகோல்) பார்த்தால் பழைய படத்தைவிடக் குறைவு. ஆகவே டோஸும் பாதி, நாய்ஸும் குறைவு. நிர்வாகத்துக்கு ரொம்ப சந்தோஷம். ஆனால் எங்கள் ரேடியாலஜிஸ்ட் மேடம் "வழவழன்னு இருக்கு, சின்னதா எது இருந்தாலும் நம்ப முடியல" என்று தினமும் போன் போடுகிறார். பழைய ப்ரோட்டோகாலைப் போடச் சொல்கிறார். நிர்வாகமோ எண்ணைக் காட்டி மறுக்கிறது. நடுவில் நான். யார் சொல்வது சரி?

120 கேவி (டியூபின் மின்னழுத்தம்), 5 மி.மீ. ஸ்லைஸ், எம்பிஆருக்கு (வேறு கோணங்களில் வெட்டிப் பார்க்கும் படத்துக்கு) 1.25 மி.மீ. வேறு ஏதாவது விவரம் வேண்டுமானால் கேளுங்கள்.

#2 ஃபாண்டம்

மேடம் சொல்வதுதான் சரி. உங்கள் எண்ணும் பொய் இல்லை, ஆனால் இந்தக் கேள்விக்கு அது விடை சொல்லாது.

பழைய ஃபில்டர்டு பேக் ப்ரொஜெக்‌ஷனில் கணக்கு நேரடியானது. டோஸைப் பாதியாக்கினால் நாய்ஸ் சுமார் 40 சதவீதம் ஏறும். நாய்ஸைப் பாதியாக்க வேண்டுமென்றால் டோஸை நான்கு மடங்கு கொடுக்க வேண்டும். ஸ்லைஸைப் பாதியாக மெலிதாக்கினாலும் அதே 40 சதவீத ஏற்றம். எல்லாம் போட்டான் எண்ணிக்கையின் வர்க்கமூலம். அதனால் ஸ்டாண்டர்ட் டீவியேஷனைப் பார்த்தே படத்தின் தரத்தைச் சொல்லிவிட முடிந்தது.

இட்டரேட்டிவ் முறை அந்தத் தொடர்பை அறுத்துவிட்டது. எண் குறைகிறது, ஆனால் மிச்சமிருக்கும் நாய்ஸின் வடிவம் மாறிவிடுகிறது. நுண்ணிய பொடிமணல் போல இருந்தது, பெரிய பெரிய திட்டுகளாக ஆகிவிடும். நாய்ஸ் பவர் ஸ்பெக்ட்ரம் (எந்த அளவுத் திட்டில் எவ்வளவு நாய்ஸ் என்ற வரைபடம்) எடுத்துப் பார்த்தால் அதன் உச்சி குறைந்த அதிர்வெண் பக்கம், அதாவது பெரிய திட்டுகளின் பக்கம், நகர்ந்திருக்கும். லிவர் மெட்டாஸ்டாசிஸின் (வேறு இடத்துப் புற்று பரவி வந்த கட்டியின்) அளவும் அந்தத் திட்டின் அளவும் கிட்டத்தட்ட ஒன்று. தொல்லை அங்கேதான்.

இன்னொன்று. இந்த முறையில் ரெசல்யூஷன் என்பது ஒரே எண் இல்லை. எலும்பின் விளிம்பு பளிச்சென்று இருக்கும், லிவருக்குள் பத்துப் பதினைந்து எச்யூ (ஹவுன்ஸ்ஃபீல்டு யூனிட், படத்தில் அடர்த்தியின் அளவு) வித்தியாசம் மட்டுமே உள்ள விளிம்பு கரைந்துபோகும். கம்பி வைத்து எம்டிஎஃப் (ரெசல்யூஷனின் அளவுகோல்) அளந்தால் "அருமை" என்றுதான் வரும், ஏனென்றால் கம்பி ஹை கான்ட்ராஸ்ட். ஏஏபிஎம் (அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கம்) 2019-இல் வெளியிட்ட டிஜி-233 அறிக்கை இதனால்தான் கான்ட்ராஸ்ட் வாரியாக ரெசல்யூஷன் அளக்கச் சொல்கிறது.

கான்ட்ராஸ்ட்-டு-நாய்ஸ் விகிதத்தை வைத்து வாதாடலாமே என்று யாராவது வருவதற்குள் சொல்லிவிடுகிறேன்: அதுவும் அதே ஸ்டாண்டர்ட் டீவியேஷனால் வகுத்து வருவதுதான். திட்டின் வடிவம் அதற்குத் தெரியாது.

#3 புதுமுகம்22

மாணவன் நான். எங்களுக்குப் புத்தகத்தில் எஸ்டி குறைந்தால் தரம் கூடும் என்றுதான் இருக்கிறது. நாய்ஸ் குறைவு, டோஸ் குறைவு, ஆனால் படம் மோசம் என்றால் தலை சுற்றுகிறது சார். படிக்கிறவர் கண்ணுக்கு உண்மையில் என்ன தெரிகிறது?

#4 வெள்ளைச்சாம்பல்

படிக்கிற பக்கத்திலிருந்து நான் சொல்கிறேன் தம்பி. நான் ரேடியாலஜிஸ்ட், இந்த மெழுகுப் படங்களோடு நிறைய மல்லுக்கட்டியவள்.

செல்போனில் முகத்தை அழகாக்கும் ஃபில்டர் பருவை மட்டும் அழிப்பதில்லை, மச்சத்தையும் சேர்த்தே அழிக்கும். எனக்கு வேண்டியது அந்த மச்சம்.

லிவரில் 8 மி.மீ. லீஷன் (நோய்ப் புள்ளி), சுற்றிலும் உள்ள திசுவைவிட 15 எச்யூ குறைவு என்று வைத்துக்கொள். படம் பொடிமணலாக இருந்தால் கண் அந்த மணலைக் கடந்து பார்த்துவிடும். நாலைந்து பிக்சலுக்கு மேல் ஒரே பக்கம் கறுத்திருந்தால் மனசு உடனே பிடிக்கும். படம் திட்டுத்திட்டாக இருந்தால் ஒவ்வொரு திட்டும் ஒரு லீஷன் மாதிரி, ஒவ்வொரு லீஷனும் ஒரு திட்டு மாதிரி. அடுத்த ஸ்லைஸுக்கும் முந்தைய ஸ்லைஸுக்கும் உருட்டி உருட்டிப் பார்க்க வேண்டும். கடைசியில் "எம்ஆர்ஐ எடுத்து ஒப்பிடவும்" என்று எழுதிவிட்டுப் போவேன். டோஸ் பாதியானதன் லாபம் எங்கே போயிற்று?

அதற்காக எல்லாப் படத்துக்கும் டோஸை ஏற்றச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கிட்னி ஸ்டோனுக்கு இதைவிடக் குறைந்த டோஸில், இன்னும் மெழுகாகக் கொடுங்கள், எனக்குக் கவலையே இல்லை. கல் பல நூறு எச்யூ. நுரையீரல் கேன்சர் ஸ்கிரீனிங்கில் சராசரி உடம்புக்கு 3 மில்லிகிரேக்குள் எடுக்கச் சொல்கிறார்கள், அதிலும் நாட்யூல் (சின்னக் கட்டி) தெரியும், சுற்றிலும் காற்று இருக்கிறதே. மூளையில் சாம்பல் நிறப் பகுதிக்கும் வெள்ளைப் பகுதிக்கும் வித்தியாசம் பத்து எச்யூகூட வராது, ஆரம்ப நேர ஸ்ட்ரோக்கில் அந்த வித்தியாசம் மறைவதைத்தான் நான் தேடுகிறேன். அங்கே டோஸில் கைவைத்தால் நான் குருடி.

"படத்தின் தரம்" என்று பொதுவாகப் பேசுகிறவரிடம் நான் கேட்பது ஒன்றுதான்: எதைத் தேட எடுத்த படம்?

#5 கேன்ட்ரிக்காரன்

பெரியவங்க ரெண்டு பேரும் சொல்றது சரிதான். ஆனா எல்லாரும் நேரா ரீகன்ஸ்ட்ரக்‌ஷன்ல குதிச்சிட்டீங்க. தம்பி இரவுப்பணி, நான் ஒண்ணு கேக்கறேன், பேஷண்டை நடுவுல படுக்க வைக்கறீங்களா?

சிரிக்காதீங்க. டியூபுக்கு முன்னாடி போ-டை ஃபில்டர் இருக்கு. நடுவுல மெலிசு, ஓரத்துல தடிமன். உடம்போட நடு, கேன்ட்ரி (மெஷினோட வளையம்) நடுவுல இருக்கும்னு நம்பி செஞ்சது அது. டேபிளை நாலு சென்டிமீட்டர் கீழ விட்டீங்கன்னா உடம்போட தடிச்ச பகுதி ஃபில்டரோட தடிச்ச பகுதிக்குப் பின்னால மாட்டிக்கும். அந்தப் பக்கம் நாய்ஸ் ஏறும், எதிர்ப்பக்கம் தோல் டோஸ் ஏறும்.

அதோட முடியல. ஆட்டோ எம்ஏ (டியூப் கரண்டைத் தானா ஏத்தி இறக்கறது) எல்லாம் ஸ்கவுட்டை (ஸ்கேனுக்கு முன்னாடி எடுக்கற தட்டையான படத்தை) பார்த்துத்தான் முடிவு பண்ணுது. டியூப் மேல இருந்து ஸ்கவுட் எடுத்தா, டேபிள் கீழ இருக்கற பேஷண்ட் டியூபுக்குத் தூரமாப் போயிடுவார், நிழல் சின்னதா விழும். மெஷின் "ஒல்லியான ஆள்"னு நினைச்சு எம்ஏவைக் குறைச்சிடும். டேபிள் மேல ஏறியிருந்தா நேர் எதிர், குண்டுன்னு நினைச்சு அள்ளி விடும். டியூப் கீழ இருந்து எடுத்தா இது அப்படியே தலைகீழ். அதனால உங்க மெஷின்ல ஸ்கவுட் எந்தப் பக்கத்துல இருந்து எடுக்குதுன்னு மொதல்ல பாருங்க. லேட்டரல் ஸ்கவுட்டும் சேர்த்து எடுத்தா உயரம் தப்பா இருக்கறது கண்ணுக்கே தெரியும்.

ஸ்கவுட் முடியற இடத்தைத் தாண்டி ஸ்கேன் போடற பழக்கம் வேற பலருக்கு இருக்கு. அந்தக் கடைசிப் பகுதிக்கு மெஷின்கிட்ட தகவலே கிடையாது, குத்துமதிப்பாத்தான் போடும்.

கை! வயிறு ஸ்கேன்ல கையைப் பக்கத்துல வச்சுட்டு எடுத்தா லிவர் மேல கோடு கோடா விழும். தூக்க முடியாதவங்களுக்கு ரெண்டு கையையும் வயித்து மேல ஒரு தலகாணி வச்சு அதுமேல வையுங்க, பக்கவாட்டுல வைக்கறதைவிட எவ்வளவோ தேவலை. இருபது வருஷமா கத்துக்கிட்டது இதெல்லாம், எந்த மேனுவல்லயும் பெரிய எழுத்துல போட மாட்டான்.

#6 இரவுப்பணி

அண்ணா, சொன்னதும் போய்ப் பழைய ஸ்கவுட்டுகளைத் திறந்து பார்த்தேன். எங்களுடையது மேலிருந்துதான் எடுக்கிறது. மூன்று ஷிஃப்டிலும் டேபிள் கொஞ்சம் கீழேதான் இருக்கிறது. பேஷண்ட் ஏறி இறங்க வசதி என்று தாழ்த்தி வைப்பது, அப்புறம் போதுமான அளவு ஏற்றாமல் விடுவது, எல்லோருக்கும் அதுவே பழகிவிட்டது.

அப்படியானால் 6 மில்லிகிரே என்பதில் ஒரு பங்கு ப்ரோட்டோகால் மாற்றத்தால் இல்லை, மெஷின் ஏமாந்ததால் வந்ததா?

#7 ஃபாண்டம்

ஒரு பங்கு, ஆம். கேன்ட்ரிக்காரன் சொன்னது முழுக்கச் சரி. கூடவே இரண்டு எச்சரிக்கை.

ஒன்று, 12-ஐயும் 6-ஐயும் ஒப்பிடும்போது ஒரே பருமன் உள்ளவர்களை ஒப்பிடுங்கள். வயிற்றுக்கு மெஷின் காட்டும் சிடிடிஐ 32 சென்டிமீட்டர் அக்ரிலிக் உருளைக்கான டோஸ், உங்கள் பேஷண்டுக்கானது இல்லை. ஒல்லியானவருக்கு உண்மையில் போவது அந்த எண்ணைவிட அதிகம். 2011-இல் வந்த ஏஏபிஎம் 204 அறிக்கையில் உடம்பின் அகலத்துக்கு ஏற்பத் திருத்தும் எண்கள் அட்டவணையாகவே இருக்கின்றன.

இரண்டு, உங்கள் மெஷின் நாய்ஸ் இன்டெக்ஸ் முறையா (இவ்வளவு நாய்ஸ் போதும் என்று வைப்பது), ரெஃபரன்ஸ் எம்ஏஎஸ் முறையா (சராசரி உடம்புக்கு இவ்வளவு எம்ஏஎஸ் என்று வைப்பது)? நாய்ஸ் இன்டெக்ஸ் என்றால் அது முதல் ரீகன்ஸ்ட்ரக்‌ஷனின் ஸ்லைஸ் தடிமனோடு கட்டிப்போட்டது. 5 மி.மீ.-க்கு வைத்த இன்டெக்ஸை மாற்றாமல் யாராவது முதல் வரிசையை 1.25 ஆக்கினால், அதே நாய்ஸ் வேண்டும் என்று மெஷின் நான்கு மடங்கு டோஸ் கேட்கும், எம்ஏ உச்சவரம்பில் போய் முட்டும். வரிசையை மாற்றிப் போடுவது சாதாரண விஷயம் என்று நினைத்துச் செய்கிறார்கள்.

#8 ஸ்பேனர்

சர்வீஸ் இன்ஜினியர். குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும்.

ப்ரோட்டோகாலைத் தொடுவதற்கு முன் மெஷின் நலமா என்று பாருங்கள். காலையில் டியூப் வார்ம்-அப், ஏர் கேலிப்ரேஷன், பிறகு வாட்டர் ஃபாண்டம் (தண்ணீர் நிரப்பிய சோதனை உருளை). தண்ணீர் 0-வுக்கு 5 கூடக் குறைய இருக்கலாம், அதற்குமேல் போனால் கூப்பிடுங்கள். நடுவில் ஒரு வட்டம், நாலு ஓரத்தில் நாலு வட்டம், நடுவுக்கும் ஓரத்துக்கும் 5 எச்யூவுக்குமேல் வித்தியாசம் வரக் கூடாது. இன்றைய எண்ணை மட்டும் பார்த்தால் போதாது, கிராஃப் போட்டு வையுங்கள். தண்ணீர் மெல்ல மெல்ல 1, 2, 3 என்று ஏறுவது ஒரு நாள் எண்ணில் தெரியாது.

ரிங் வந்தால் டிடெக்டரில் ஒரு சேனல் கெட்டிருக்கிறது, அல்லது கேலிப்ரேஷன் பழசாகிவிட்டது. ஆனால் "டிடெக்டர் போச்சு" என்று அலறிக் கூப்பிட்ட பல கேஸில் நான் செய்தது ஈரத்துணியால் துடைத்ததுதான். கேன்ட்ரியின் உள்வட்டத்தில் உள்ள மைலார் ஜன்னலில் கான்ட்ராஸ்ட் சொட்டு காய்ந்திருக்கும். அயோடின் ஆயிற்றே, படத்தில் வெள்ளையாக விழும். மூளைப் படத்தில் விழுந்தால் ரத்தக்கசிவோ என்று பயமுறுத்தும். ஹெட்ரெஸ்டிலும் மெத்தையிலும் அதே கதை.

#9 கதிர்க்காவலன்

எல்லோரும் ஒரே பக்கம் பேசுகிறீர்களே என்று வந்தேன். ரேடியாலஜிஸ்டுகளுக்கு அழகான படம் பழகிவிட்டது, அவ்வளவுதான். கண்ணுக்கு இதமாக இல்லை என்பதற்காக டோஸை மறுபடி ஏற்றுவதா? 2009-இல் அமெரிக்காவில் மூளை பெர்ஃப்யூஷன் (ரத்த ஓட்டம் பார்க்கும்) ஸ்கேனில் என்ன நடந்தது என்று மறந்துவிட்டீர்களா? ஒரே மருத்துவமனையில் 206 பேருக்கு எதிர்பார்த்ததைவிட எட்டு மடங்கு டோஸ் போயிருந்தது என்று அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அறிவித்தது. முடி கொட்டியது, தோல் சிவந்தது. பதினெட்டு மாதம் யாரும் கவனிக்கவில்லை. ஏன் கவனிக்கவில்லை? படம் மோசமாக இருந்தால் ரேடியாலஜிஸ்ட் கத்துவார். டோஸ் அதிகமாகிப் படம் நன்றாக இருந்தால் ஒருவரும் வாயைத் திறக்க மாட்டார்கள்.

#10 வெள்ளைச்சாம்பல்

கடைசி இரண்டு வரியை அப்படியே ஒப்புக்கொள்கிறேன். சிடியில் அதிக டோஸ் படத்தில் கறுப்பாகத் தெரியாது, பழைய ஃபிலிமில் தெரிந்த மாதிரி. அதனால் கன்சோலில் டோஸ் அலர்ட் வந்தால் "ஓகே" தட்டிவிட்டுப் போகிற பழக்கத்தை நானும் எதிர்க்கிறேன். குழந்தைகள் விஷயத்தில் உங்களைவிடக் கறாராக இருப்பேன்.

ஆனால் "அழகான படம்" என்றீர்களே, அதற்கு நேர் எதிராகத்தான் நான் பேசிக்கொண்டிருக்கிறேன். இந்த மெழுகுப் படம்தான் அழகு. அதைத்தான் நான் வேண்டாம் என்கிறேன். எனக்குக் கொஞ்சம் மணலாக இருந்தாலும் போதும். 6 மில்லிகிரே கொடுத்து விடை தெரியாவிட்டால், அந்த 6-உம் நோயாளிக்குப் பலனில்லாமல் போன கதிர். திரும்ப எடுத்தால் 12. முதலிலேயே 9 கொடுத்திருந்தால் முடிந்திருக்கும்.

டோஸ் குறைக்க வேறு நல்ல வழி இருக்கிறது, அதை யாரும் கேட்க மாட்டேன் என்கிறீர்கள். ஒல்லியானவருக்கும் நடுத்தர உடம்புக்கும் 120 கேவி எதற்கு? கான்ட்ராஸ்டில் உள்ள அயோடினின் கே-எட்ஜ் (அது கதிரைத் திடீரென்று அதிகம் உறிஞ்சத் தொடங்கும் ஆற்றல்) 33.2 கேஇவி. கேவியைக் குறைத்தால் கதிரின் சராசரி ஆற்றல் அதை நெருங்கும், அயோடின் இன்னும் பளிச்சென்று தெரியும். 120-லிருந்து 100-க்கு வந்தால் ரத்தக்குழாயின் எச்யூ ஏறத்தாழக் கால் பங்கு ஏறும். நாய்ஸ் கொஞ்சம் ஏறினாலும் வித்தியாசம் அதைவிட அதிகமாக ஏறுவதால் லாபம் எனக்குத்தான். பருமனானவருக்கு இது ஒத்துவராது, போட்டான் உள்ளே போய் வெளியே வர வேண்டுமே.

#11 புதுமுகம்22

மேடம், கொஞ்சம் தள்ளிய கேள்வி. பல்மனரி ஆஞ்சியோவில் (நுரையீரல் ரத்தக்குழாய் ஸ்கேனில்) படம் சரியில்லை என்று ரிப்போர்ட்டில் எழுதினால் அதுவும் இந்த டோஸ், நாய்ஸ் பிரச்சினைதானா?

#12 வெள்ளைச்சாம்பல்

பெரும்பாலும் இல்லை. அங்கே மெஷினை விட்டுவிட்டு மூச்சைப் பார். "நல்லா மூச்சை இழுத்துப் பிடிங்க" என்று மைக்கில் சொன்னால் பேஷண்ட் முழு பலத்தோடு இழுப்பார். நெஞ்சுக்குள் அழுத்தம் குறைந்து, வயிற்றிலிருந்து கான்ட்ராஸ்ட் கலக்காத ரத்தம் ஐவிசி (கீழ்ப்பெருஞ்சிரை) வழியாக வலது பக்க இதயத்துக்குள் பாயும். சரியாக அந்த நொடியில் பல்மனரி ஆர்ட்டரி மங்கிப்போகும், மேலே எஸ்விசியும் (மேற்பெருஞ்சிரை) கீழே அயோர்டாவும் வெள்ளையாக இருக்கும், நடுவில் இது மட்டும் சாம்பல். ஊசி சரி, டைமிங் சரி, படம் வீண். "சாதாரணமா மூச்சு விட்டுட்டு, அப்படியே நிறுத்துங்க" என்று சொல்லி, ஸ்கேனுக்கு முன்பே ஒருமுறை பழக்கிப் பார்த்தால் இந்தத் தொல்லை பாதி குறையும்.

#13 கேன்ட்ரிக்காரன்

மேடம் சொன்னதுக்கு ஒரு வால். ரெக்கார்டட் வாய்ஸை நம்பாதீங்க. பேஷண்டுக்குத் தெரியாத பாஷையில அது கத்திக்கிட்டு இருக்கும், அவர் பேந்தப் பேந்த முழிச்சுக்கிட்டு மூச்சு விட்டுக்கிட்டே இருப்பார்.

அப்புறம், ரேடியாலஜிஸ்டுக்கு வாட்ஸப்ல படம் அனுப்பிட்டு "தெரியுதா மேடம்"னு கேக்கறது. இவ்வளவு பேசி நாய்ஸைக் காப்பாத்தி என்ன பிரயோஜனம், கடைசியில அது சுருக்கி விண்டோ (கறுப்பு வெள்ளை அளவு) மாத்த முடியாத ஒரு ஜேபெக்கா ஆக்கிடுது.

#14 ஃபாண்டம்

இரவுப்பணி, நிர்வாகத்திடம் காட்ட உங்களுக்கு ஒரு சான்று வேண்டும், அதற்குப் புது ஸ்கேன் தேவையில்லை. ஒரே ரா டேட்டாவை வெவ்வேறு இட்டரேட்டிவ் அளவில் ரீகன்ஸ்ட்ரக்ட் செய்யுங்கள்: எதுவும் இல்லாமல் ஒன்று, நடுத்தரமாக ஒன்று, இப்போதைய உச்ச அளவில் ஒன்று. படத்திலிருந்து அளவு விவரத்தை மறைத்து, வரிசையைக் கலைத்துப் போட்டு உங்கள் மேடத்திடம் கொடுங்கள். எது எது என்று அவருக்குத் தெரியக் கூடாது. ரா டேட்டா சில நாளில் அழிந்துவிடும், முதலில் அதை லாக் செய்து வையுங்கள்.

ஏசிஆர் (அமெரிக்க ரேடியாலஜி கல்லூரி) ஃபாண்டம் கிடைத்தால் லோ கான்ட்ராஸ்ட் பகுதியையும் அதே மூன்று அளவில் எடுங்கள். பின்னணிக்கும் உருளைகளுக்கும் 6 எச்யூதான் வித்தியாசம். 6 மி.மீ. உருளைகள் நான்கும் தெரிகிறதா என்று மட்டும் பாருங்கள். டோஸ் குறைந்த படத்தில் இட்டரேட்டிவ் அளவை எவ்வளவு ஏற்றினாலும் காணாமல் போன உருளை திரும்பி வருவதில்லை என்பதை நிர்வாகத்தில் இருப்பவருக்கே கண்ணால் காட்டலாம்.

"டீப் லேர்னிங் ரீகன்ஸ்ட்ரக்‌ஷன் வாங்கினால் எல்லாம் தீரும்" என்று அடுத்து விற்பனைக்காரர் வருவார். 2019-லிருந்து எஃப்டிஏ அனுமதியோடு சந்தையில் இருக்கிறது. நாய்ஸின் வடிவத்தைப் பழைய படம் போலவே வைத்துக்கொள்வதில் அது உண்மையிலேயே மேல். ஆனால் டிடெக்டருக்கு வந்து சேராத தகவலை அதனாலும் உண்டாக்க முடியாது, மேற்சொன்ன உருளைச் சோதனையை அதற்கும் வையுங்கள்.

#15 இரவுப்பணி

இழையைத் தொடங்கியவன் என்ற முறையில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

மறைத்துக் கொடுத்த படங்களில் எங்கள் மேடம் பெரும்பாலும் நடுத்தர அளவைத்தான் தேர்ந்தெடுத்தார். இட்டரேட்டிவ் இல்லாத படம் சில கேஸில் இரண்டாவதாக வந்தது, உச்ச அளவு ஒன்றில்கூட முதலாவது இல்லை. அந்தப் பட்டியலோடு ஃபாண்டம் படத்தையும் வைத்தபிறகு நிர்வாகம் இறங்கி வந்தது. இப்போது நடுத்தர அளவு, டேபிள் உயரம் சரிசெய்தபின் 9 மில்லிகிரே சுமார், ஒல்லியானவர்களுக்கு 100 கேவி, அவர்களுக்கு டோஸ் அந்த 9-ஐவிடக் குறைவு. கிட்னி ஸ்டோன் ப்ரோட்டோகாலைத் தனியாகப் பிரித்து அதில் உச்ச அளவையும் குறைந்த டோஸையும் அப்படியே விட்டுவிட்டோம். கதிர்க்காவலன் சாருக்கு அது பிடிக்கும்.

இன்னும் தீராதது மிகப் பருமனானவர்கள். எம்ஏ உச்சத்தில் முட்டி நிற்கிறது, இடுப்புப் பகுதியில் குறுக்கே கோடு கோடாக வருகிறது. என்ன செய்யலாம்?

#16 ஃபாண்டம்

அது போட்டான் பஞ்சம். எம்ஏ முட்டிவிட்டால் நேரத்தை ஏற்றுங்கள்: ரொட்டேஷன் 0.5 நொடி என்றால் 0.8 அல்லது 1, பிட்ச்சை (ஒரு சுற்றில் டேபிள் நகரும் அளவை) குறையுங்கள். மூச்சுப் பிடிக்கும் நேரம் நீளும் என்பதை பேஷண்டிடம் முன்பே சொல்லிவிடுங்கள். 140 கேவி இருந்தால் அவர்களுக்கு அதுதான் பொருத்தம். ஸ்கேன் ஃபீல்ட் ஆஃப் வியூ பெரியதாக இருக்கிறதா பாருங்கள், உடம்பு அதற்கு வெளியே பிதுங்கினால் ஓரத்தில் எச்யூ எல்லாம் கெடும். படிக்க 5 மி.மீ. கொடுங்கள், 1.25-ஐ எம்பிஆருக்கு மட்டும்.

#17 ஸ்பேனர்

புது ப்ரோட்டோகாலைப் பாஸ்வேர்ட் போட்டுப் பூட்டி, யார், எப்போது, எதை, ஏன் மாற்றினார்கள் என்று கன்சோல் பக்கத்தில் ஒரு நோட்டு வையுங்கள். சாஃப்ட்வேர் அப்டேட் முடிந்த மறுநாள் அந்த நோட்டை வைத்து ஒவ்வொரு எண்ணாகச் சரிபாருங்கள். அப்டேட்டில் எல்லாம் தொழிற்சாலை அளவுக்குத் திரும்பிப் போனதை நான் பார்த்திருக்கிறேன்.